வாழ்க்கைக் குறிப்பா, வாழ்த்து மடலா?

நகராட்சித் தலைவராக இருந்து மறைந்த உள்ளூர் அரசியல்வாதி ஒருவரைப் பற்றிய நான்கு பக்கக் கட்டுரை சென்ற ஆண்டு என் மேசைக்கு வந்தது. மாவட்ட அளவில் தொகுக்கப்பட்டுவரும் கலைக்களஞ்சியம் ஒன்றில் இடம்பெற வேண்டிய வாழ்க்கைக் குறிப்பு அது. தகவல்களைச் சரிபார்த்து, மொழியைச் செம்மை செய்து, இரண்டு வாரத்தில் திருப்பித் தருமாறு தொகுப்பாசிரியர் கேட்டிருந்தார். பத்திரிகை அலுவலகத்தில் நீண்ட காலம் உதவி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், நான்கு பக்கங்களை ஒரு பகல் பொழுதில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இரண்டு மாதங்கள் ஆயின.

கட்டுரையை எழுதியவர் அந்தத் தலைவரோடு பல ஆண்டுகள் உடனிருந்த கட்சித் தொண்டர். தேவையான படங்களையும் மணிவிழா மலரையும் தலைவரின் மகன் கொடுத்திருந்தார். எழுதியவரின் அன்பில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. அந்த அன்புதான் கட்டுரையின் சிக்கலாகவும் இருந்தது.

தமிழில் கலைக்களஞ்சிய மரபு இளையதன்று. ஆ.சிங்காரவேலு முதலியார் தனி மனிதராகத் தொகுத்த 'அபிதான சிந்தாமணி' 1910-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக வெளிவந்தது. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு உருவாக்கிய 'கலைக்களஞ்சியம்', 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்து முடிந்தது. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கப்பட்டது. இத்தனை இருந்தும், நம் ஊரின் குடிநீர்த் தொட்டியையும் பேருந்து நிலையத்தையும் சந்தையையும் யார் கொண்டுவந்தார்கள் என்று தேடினால் பெரும்பாலும் எதுவும் கிடைப்பதில்லை. முதலமைச்சர்களுக்கும் அமைச்சர்களுக்கும் நூல்கள் உண்டு. நகராட்சித் தலைவருக்கும் ஒன்றியப் பெருந்தலைவருக்கும் மிஞ்சுவது திறப்புவிழாக் கல்வெட்டும் இரங்கல் சுவரொட்டியும்தான். ஆகவே, இத்தகைய ஒருவரைப் பற்றி அச்சேறும் முதல் குறிப்பே பெரும்பாலும் கடைசிக் குறிப்பாகவும் அமைந்துவிடுகிறது. அது பிழையாக இருந்தால், அந்தப் பிழையே ஊரின் வரலாறாக நிலைத்துவிடும்.

அடைமொழிகளுக்கு அப்பால்

முதல் பக்கத்தில் மட்டும் பதினோர் அடைமொழிகள் இருந்தன. 'ஏழைகளின் தோழர்', 'கொடை வள்ளல்', 'நகரின் சிற்பி' என்று தொடங்கி, பிறந்த நாளைச் சொல்லும் வரியில்கூட 'அவதரித்தார்' என்றிருந்தது. இறந்ததைச் சொல்லும் இடத்தில் 'மக்களை மீளாத் துயரில் ஆழ்த்திவிட்டு இறைவனடி சேர்ந்தார்' என்று எழுதப்பட்டிருந்தது.

இங்கே தமிழில் செம்மையாக்கம் செய்பவருக்கு ஒரு நுட்பமான பொறுப்பு உண்டு. 'அவர் வந்தார்' என்று எழுதுவது புகழ்ச்சியன்று. அது நம் மொழியின் இயல்பான மரியாதை. நடுநிலை என்ற பெயரில் 'அவன் வந்தான்' என்று எழுதினால், அது நடுநிலையாக இராது, அவமதிப்பாகிவிடும். எனவே மரியாதைப் பன்மையை அப்படியே வைத்துக்கொண்டு, பெயருக்கு முன்னும் பின்னும் தொங்கும் பட்டங்களை மட்டும் நீக்கினேன். 'அவதரித்தார்' என்பது 'பிறந்தார்' ஆயிற்று. 'இறைவனடி சேர்ந்தார்' என்பது 'காலமானார்' ஆயிற்று. தொண்டர்கள் சூட்டிய பட்டம் ஒன்று ஊரில் அவருடைய பெயராகவே வழங்கிவந்ததால், 'இவ்வாறு அழைக்கப்பட்டார்' என்று ஒரே ஓரிடத்தில் குறித்தேன்.

பெயரிலும் கவனம் தேவை. ஒரே ஊரில் ஒரே பெயரில் மூவர் அரசியலில் இருப்பது நம்மிடையே அரிதன்று. தலைப்பெழுத்து மாறினால் ஆளே மாறிவிடுவார். சாதிப் பெயரைச் சேர்ப்பதா, விடுவதா என்பது இன்னொரு கேள்வி. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. அதற்குத் தலைமை வகித்த டபிள்யூ.பி.ஏ.சௌந்திரபாண்டியனையே இன்றைக்கும் சாதிப் பட்டத்தோடு குறிப்பிடும் பதிவுகள் உண்டு. ஒருவர் தாமே விட்டுவிட்ட பட்டத்தை நாம் திரும்ப ஒட்டக் கூடாது. விடாமல் வைத்திருந்தவருக்கு நாமாக வெட்டவும் கூடாது. அவர் எவ்வாறு கையெழுத்திட்டார் என்பதே இதற்கு அளவுகோல். நான் மதிப்பாய்வு செய்த தலைவர் தலைப்பெழுத்தும் பெயரும் மட்டுமே எழுதியவர். கட்டுரையாளர்தான் வாலைச் சேர்த்திருந்தார்.

வினைச்சொற்களில் ஒளியும் பிழை

அடைமொழிகளை நீக்குவது எளிது. வினைச்சொற்கள்தாம் கடினம். 'நகரின் குடிநீர்ப் பஞ்சத்தை அடியோடு ஒழித்தார்' என்று ஒரு வரி. எந்த ஆண்டில், எந்தத் திட்டத்தின் கீழ், யாருடைய நிதியில் என்ற கேள்விகளுக்குக் கட்டுரையில் பதில் இல்லை. 'கட்டினார்', 'கொண்டுவந்தார்', 'ஒழித்தார்' என்னும் சொற்கள் நம் அரசியல் மேடைகளில் மிக மலிவாகக் கிடைப்பவை. நகராட்சித் திட்டம் எதுவும் ஒரு தனி மனிதரால் நிறைவேறுவதன்று. மன்றம் தீர்மானம் இயற்ற வேண்டும். மாநில அரசு நிதியும் ஒப்புதலும் தர வேண்டும். பொறியாளர்கள் வடிவமைக்க வேண்டும். ஒருவர் தலைவராக இருக்கும்போது தொடங்கிய பணி, மற்றொருவர் காலத்தில் முடியும். திறப்புவிழாக் கல்லில் மூன்றாமவரின் பெயர் இருக்கும்.

சத்தியமூர்த்தியின் எடுத்துக்காட்டை அந்தக் கட்டுரையாளருக்கு எழுதினேன். சென்னையின் குடிநீருக்கான பூண்டி நீர்த்தேக்கம் இன்று அவர் பெயரால் வழங்கப்படுகிறது. 'பூண்டி அணையைக் கட்டியவர் சத்தியமூர்த்தி' என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால், நடந்தது வேறு. அவர் 1939-இல் சென்னை மேயரானார். அந்தத் திட்டத்துக்காக அரசிடம் விடாது வாதாடினார். 1940-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1943 மார்ச்சில் அவர் காலமானார். நீர்த்தேக்கப் பணி முடிந்தது 1944-இல். தாம் வாதாடிப் பெற்ற நீர்த்தேக்கம் நிறைந்ததை அவர் பார்க்கவே இல்லை. ஆண்டுகளை உள்ளபடி அடுக்கும்போது அவருடைய பெருமை சற்றும் குறையவில்லை. 'கட்டினார்' என்ற ஒற்றைச் சொல்லால் சொல்ல முடியாத ஒன்று அங்கே தெரியவருகிறது.

பதவிப் பட்டியலும் இவ்வாறே ஏமாற்றக்கூடியது. காமராசர் 1941-இல் விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பது உண்மை. அப்போது அவர் சிறையில் இருந்தார். விடுதலையாகி வந்ததும், தம்மால் முழுமையாகப் பணியாற்ற இயலாத பதவியை வைத்துக்கொள்ளலாகாது என்று அதைத் துறந்துவிட்டார். 'நகராட்சித் தலைவர், 1941' என்று பெட்டிச் செய்தியில் மட்டும் போட்டால் தகவல் சரியாகவே இருக்கும், மனிதர் தவறிப்போவார்.

நாட்காட்டி சொன்ன உண்மை

இனி, என் இரண்டு மாதங்களை எடுத்துக்கொண்ட வரிக்கு வருகிறேன். '1986 முதல் 2001 வரை பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து நகராட்சித் தலைவராக இருந்து தொண்டாற்றினார்' என்று கட்டுரை சொன்னது. படித்தவுடன் எவரும் தலையசைத்துக் கடந்துவிடக்கூடிய வரி. மணிவிழா மலரிலும் அப்படியே இருந்தது. மகனும் அப்படித்தான் சொன்னார்.

தமிழகத்தின் உள்ளாட்சித் தேர்தல் வரலாறு தொடர்ச்சியானதன்று. நீண்ட இடைவெளிக்குப் பின் 1986-இல் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் முடிந்த பிறகு, 1996 வரை தேர்தல் நடைபெறவில்லை. தனி அலுவலர்களே நிர்வாகத்தை நடத்தினர். 1992-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 73, 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் 1993-இல் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், மாநிலத் தேர்தல் ஆணையம், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீடு ஆகியவை அவற்றால் வந்தவை. அதன்படிதான் 1996 தேர்தல் நடந்தது. சட்டம் வந்த பிறகும் இடைவெளி ஒழியவில்லை. 2016-இல் பதவிக்காலம் முடிந்த மன்றங்களுக்கு, பெரும்பாலான ஊரகப் பகுதிகளில் 2019 இறுதியிலும் நகர்ப்புறங்களில் 2022-இலும்தான் தேர்தல் வந்தது. ஆக, 1993-இல் தமிழகத்தில் ஒருவர் 'தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சித் தலைவர்' என்று எழுதப்பட்டிருந்தால், அந்த வரியை ஐயப்பட நாட்காட்டியே போதும்.

இத்தகைய நுட்பங்கள் வேறு சிலவும் உண்டு. கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளுக்கான தேர்தல் கட்சிச் சின்னமின்றி நடப்பது. எனவே 'இன்ன கட்சியின் சார்பில் ஊராட்சித் தலைவராக வென்றார்' என்பது பிழையான தொடர். மேயர்களும் நகராட்சித் தலைவர்களும் 1996-இலும் 2001-இலும் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 2006-இல் உறுப்பினர்கள் வாயிலாக. 2011-இல் மீண்டும் நேரடியாக. 2022-இல் மறுபடி உறுப்பினர்கள் வாயிலாக. 'மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த' என்று எழுதும் முன் ஆண்டைப் பார்க்க வேண்டும்.

தொடர்ந்து பதினைந்து ஆண்டுகள் என்பதில் 1991 முதல் 1996 வரையிலான காலம் இவ்வாறு தானே உதிர்ந்தது. எஞ்சிய 1996-2001 காலத்துக்கு நகராட்சி அலுவலகத்துக்குச் சென்றேன். பழைய பதிவேடுகளைப் பார்க்க எழுத்துபூர்வமாக விண்ணப்பித்து, மூன்றாவது முறை சென்றபோது அனுமதி கிடைத்தது. மன்றப் பொருள்களும் தீர்மானங்களும் பதிவான தடித்த ஏடுகள். 1996-க்குப் பிந்தைய ஏட்டைத் திறந்தேன். ஒவ்வொரு கூட்டக் குறிப்பின் அடியிலும் தலைவரின் கையெழுத்து இருந்தது. அது அவருடைய கையெழுத்தன்று. அவருடைய மனைவியின் கையெழுத்து.

அந்தத் தேர்தலில் அந்நகராட்சியின் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் போட்டியிட்டு வென்றிருக்கிறார். குடிநீர்த் திட்டத்துக்கான தீர்மானமும் பேருந்து நிலைய விரிவாக்கத்துக்கான தீர்மானமும் அவர் தலைமை வகித்த கூட்டங்களில் நிறைவேறியவை. அன்று மாலையே பேருந்து நிலையத்துக்குப் போனேன். தேநீர்க் கடை ஒன்றின் தகரக் கூரைக்குப் பின்னால், பாதி மறைந்த கல்வெட்டில் நகராட்சித் தலைவர் என்ற இடத்தில் அந்த அம்மையாரின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. நான்கு பக்கக் கட்டுரையில் அவரைப் பற்றி இருந்தது ஒரே ஒரு வரி: 'இவருடைய துணைவியார் இல்லறத்தை இனிது நடத்தி, இவரது பொதுப்பணிக்கு உறுதுணையாக நின்றார்.' பெயர்கூட இல்லை.

யாரும் திட்டமிட்டுப் பொய் எழுதவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அந்த ஐந்தாண்டுகளிலும் மனு கொடுக்க வந்தவர்கள் கணவரைத்தான் பார்த்தார்கள். ஊர் அவரைத்தான் 'சேர்மன்' என்று அழைத்தது. கட்டுரையாளர் தம் கண்ணால் கண்டதைத்தான் எழுதினார். மனைவியின் பெயரில் கணவர் ஆள்வது அக்காலத்தில் பல ஊர்களிலும் கண்ட காட்சியே. அப்படியானால் முடிவுகளை உண்மையில் எடுத்தது யார் என்று என்னிடம் கேட்கலாம். மதிப்பாய்வாளன் அதை ஊகித்து எழுத முடியாது. யார் தேர்ந்தெடுக்கப்பட்டார், யார் தலைமை வகித்தார், யார் கையெழுத்திட்டார் என்பவற்றை ஏடு சொல்கிறது, அதை எழுதலாம். ஏட்டில் ஒன்று என் மனத்தில் தங்கிவிட்டது. பேருந்து நிலையத்தில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்ற பொருள் ஒருமுறை ஒத்திவைக்கப்பட்டு, அடுத்த கூட்டத்தில் தலைவரால் மீண்டும் கொண்டுவரப்பட்டு நிறைவேறியிருந்தது. வெறும் கையெழுத்துக்காக அமர்ந்திருந்தவர் அதைச் செய்திருப்பாரா என்ற கேள்வி எனக்குண்டு. ஆனால், அந்தக் கேள்வியைக் கட்டுரையில் சேர்க்கவில்லை. நடந்ததை மட்டும் சேர்த்தேன்.

வழக்கும் விடுதலையும்

மற்றொரு சிக்கல் எதிர்த் திசையிலிருந்து வந்தது. தொகுப்புக் குழுவில் இருந்த வேறொருவர், கட்டுரையின் ஓரத்தில் 'ஊழல் வழக்கில் கைதானவர் என்பதை ஏன் மறைக்க வேண்டும்?' என்று எழுதியிருந்தார். அவர் தலைவராக இருந்த முதல் ஐந்தாண்டுகளில் ஒப்பந்தப்புள்ளி தொடர்பாக ஒரு வழக்குப் பதிவானது உண்மை. கட்டுரையாளர் அதை முற்றாக விட்டிருந்தார். ஓரக்குறிப்பு எழுதியவரோ அதன் முடிவை விட்டுவிட்டார். நீதிமன்றம் அவரை விடுதலை செய்திருந்தது.

நம் பேச்சு வழக்கில் 'வழக்கில் சிக்கினார்' என்ற ஒரு தொடருக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. முதல் தகவல் அறிக்கை, கைது, குற்றப்பத்திரிகை, விசாரணை, தீர்ப்பு, மேல்முறையீடு என ஒவ்வொன்றும் தனித்தனிப் படிநிலை. எந்தப் படியில் நின்றது என்று சொல்லாமல் எழுதினால், வாசகர் குற்றவாளி என்றே முடிவுகட்டுவார். கைது முதல் பக்கத்தில் வரும். விடுதலை பல வேளைகளில் செய்தியாகவே வராது. பத்திரிகையில் இருந்தவன் என்பதால் இந்தக் குறையில் எனக்கும் பங்குண்டு. பழைய நாளிதழ்களை மட்டும் நம்பி எழுதும் வாழ்க்கைக் குறிப்பு, அந்தச் சாய்வையும் சேர்த்தே சுமந்துவரும்.

வழக்கை முழுதும் விட்டுவிடுவதுதான் மறைந்தவருக்குச் செய்யும் மரியாதை என்று மகன் கருதினார். நான் உடன்படவில்லை. அந்த வழக்கு ஊரின் தேநீர்க் கடைகளில் இன்றும் பேசப்படுகிறது, விடுதலைதான் பேசப்படுவதில்லை. வழக்குப் பதிவான ஆண்டு, குற்றச்சாட்டின் தன்மை, விடுதலையான ஆண்டு ஆகிய மூன்றையும் ஒரே வாக்கியத்தில், ஒரே அளவில் எழுதினேன். மறைத்தால் வதந்திக்கு இடம் விட்டதாகும்; பாதியைச் சொன்னால் அவதூறாகும்.

இணையத்தில் இன்னும் கூடுதல் கவனம்

அச்சுக் கலைக்களஞ்சியத்துக்கே இவ்வளவு என்றால், யாரும் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியத்தின் நிலை என்ன? 2005-இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சைகெந்தாலரைக் கென்னடி சகோதரர்களின் கொலையோடு தொடர்புபடுத்தி, ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒருவர் விளையாட்டாக எழுதிய பொய், நான்கு மாதங்களுக்கு மேல் திருத்தப்படாமல் இருந்தது. வாழும் மனிதர்களைப் பற்றிய கட்டுரைகளுக்கு அங்கே கடுமையான தனி விதிகள் வந்ததற்கு அந்த நிகழ்வு முக்கியக் காரணம். நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கட்டுரை இருக்கலாம் என்று ஏற்கும் அதன் நெறிமுறை, உள்ளாட்சிப் பதவி ஒன்றையே போதிய தகுதியாகக் கொள்வதில்லை. தம்மைப் பற்றியோ தம் உறவினரைப் பற்றியோ எழுதுவதையும் அது ஊக்குவிப்பதில்லை.

மற்றொரு விதி இங்கே முக்கியமானது. ஏற்கெனவே வெளியான நம்பகமான நூல்களையும் இதழ்களையும் சான்றாகக் காட்டியே அங்கு எழுத வேண்டும். நகராட்சி ஏட்டைப் பார்த்துவிட்டு நேரே எழுத முடியாது. அப்படியானால் நடப்பது என்ன? அச்சில் வந்த மணிவிழா மலர் சான்றாகிவிடும். அச்சேறாத தீர்மான ஏடு சான்றாகாது. மலரில் உள்ள 'பதினைந்து ஆண்டுகள்' நாளை கலைக்களஞ்சியத்துக்கும், அங்கிருந்து இணையத்துக்கும், இணையத்திலிருந்து மாணவரின் கட்டுரைக்கும், இப்போது செயற்கை நுண்ணறிவு தரும் பதில்களுக்கும் போகும். ஒவ்வோர் இடத்திலும் முந்தையது சான்றாக நிற்கும். இந்தச் சங்கிலியில் மூலப் பதிவை ஒருவர் போய்ப் பார்க்கும் வாய்ப்பு, முதல் முறை அச்சாகும்போது மட்டுமே இருக்கிறது. அச்சுத் தொகுப்பின் மதிப்பாய்வாளர் அதைத் தவறவிட்டால், பின்னால் வருபவர்கள் நம்பிக்கையோடு பிழையைப் பெருக்குவார்கள்.

இதற்குப் பெரிய ஏற்பாடுகள் வேண்டியதில்லை. நகராட்சிகளும் ஒன்றியங்களும் தம் பழைய தீர்மான ஏடுகளை மின்னுருவாக்கிப் பொதுப் பார்வைக்கு வைக்கலாம். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள், உறுப்பினர்களின் பட்டியலை ஆண்டு வாரியாக வெளியிடலாம். உள்ளூர்க் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் திறப்புவிழாக் கல்வெட்டுகளைப் படியெடுத்து நூலாக்கலாம். பழங்காலக் கல்வெட்டுகளைத் தேடிப் படிக்கும் நாம், முப்பது ஆண்டுக்கு முந்தைய கல்வெட்டைத் தகரக் கூரைக்குப் பின்னால் விட்டுவைத்திருக்கிறோம்.

திருத்திய கட்டுரை மூன்று பக்கங்களாகச் சுருங்கியது. படித்துவிட்டு மகன் தொலைபேசியில் அழைத்தார். "அப்பாவோட பத்து வருஷத்தை எடுத்துட்டீங்களே ஐயா" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. ஐந்து ஆண்டுகள் யாருடையவும் அல்ல, மற்ற ஐந்து ஆண்டுகள் உங்கள் அம்மாவுடையவை என்று சொல்லி, ஏட்டின் படிகளை அனுப்பிவைத்தேன். இரண்டு வாரம் அவரிடமிருந்து பேச்சில்லை.

பிறகு ஓர் உறை வந்தது. அதில் கடிதம் ஏதுமில்லை. ஒரு புகைப்படம் மட்டும் இருந்தது. நகராட்சிக் கூட்ட அரங்கில் தலைவர் இருக்கையில் ஓர் அம்மையார், முன்னால் விரித்த கோப்போடு அமர்ந்திருக்கிறார். படத்தின் பின்புறம் அவருடைய பெயரும் '1997' என்ற ஆண்டும் எழுதப்பட்டிருந்தன. தொகுப்பாசிரியரிடம் பேசினேன். கலைக்களஞ்சியத்தில் இப்போது அந்தக் குடும்பத்துக்கு இரண்டு பதிவுகள் உள்ளன. இரண்டாவது பதிவு ஒரு பக்கம்தான். அதில் அடைமொழி ஒன்றும் இல்லை.